பசைப் பிசுக்கைப் பாதுகாப்பாக அகற்றுங்கள்
சாயம் பூசிய மரச்சாமான்கள் உள்ள குடும்பங்களுக்கு

தீபாவளிக்காக லிட்டில் இந்தியாவில் வாங்கி வந்த கோல ஸ்டிக்கர்களும் தோரணங்களும் கதவிலும் சாமி மேடையிலும் அழகாக இருந்திருக்கும். பண்டிகை முடிந்து அவற்றை உரிக்கும்போது படம் கையோடு வந்துவிடும், பசை மரத்திலேயே தங்கிவிடும். பிள்ளைகள் அலமாரியில் ஒட்டிய படங்களும், பிறரிடம் வாங்கிய பழைய மேசையில் இருக்கும் விலைச் சீட்டும் அப்படித்தான். சில நாள்களில் தூசி படிந்து அந்த இடம் கறுத்துப்போகும்.

பார்க்க நன்றாக இல்லை என்றாலும், காய்ந்த பசையால் உடல்நலத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அதை அகற்ற அவசரத்தில் எடுக்கும் தின்னர், மண்ணெண்ணெய், கத்தி, உப்புத்தாள் ஆகியவற்றால்தான் பாதிப்பு வருகிறது. எனவே மென்மையான வழியில் தொடங்குங்கள். பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான பசை அதிலேயே வந்துவிடும்.

தொடங்கும் முன்

• சன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போடுங்கள். குளிரூட்டியை மட்டும் போட்டு அறையை மூடி வைத்தால் வாடை உள்ளேயே தங்கிவிடும். புகைமூட்டத்தால் சன்னல்களை மூட வேண்டிய நாளாக இருந்தால் வேலையை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.
• சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.
• சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு அறையில் இருக்கட்டும்.
• சாமானின் பின்புறம் அல்லது அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். சாயம் துணியில் ஒட்டினால் அந்த முறையைக் கைவிடுங்கள்.

படிப்படியாகச் செய்யும் முறை

1. வெதுவெதுப்பு: முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிடம் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். பசை இளகியதும் விரலால் உருட்டி எடுங்கள். ஒரே இடத்தில் அதிக நேரம் காட்டினால் சாயம் கொப்பளிக்கும்.

2. சோப்பு நீர்: வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, அதில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பசையின் மேல் சில நிமிடம் வைத்திருங்கள். பிறகு பழைய ஈஸி லிங்க் அட்டையின் விளிம்பால் மெதுவாக வழித்தெடுங்கள். மரத்தில் நீர் தேங்க விடாதீர்கள், மரம் ஊறி உப்பிவிடும்.

3. சமையல் எண்ணெய்: ஸ்டிக்கர் பசைகள் பலவும் நீரில் கரையாதவை, ஆனால் எண்ணெயில் இளகும். பஞ்சில் சிறிது எண்ணெய் தொட்டுப் பசையின் மேல் பூசி, 10 முதல் 15 நிமிடம் விட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு சோப்பு நீர்த் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். சோப்புப் போட்டு அலசி, விரித்துக் காயவையுங்கள்.

ஒருமுறையில் முழுவதும் வராவிட்டால், வலிமையான இரசாயனத்தைத் தேடாமல் இதே படிகளை மறுநாள் மீண்டும் செய்யுங்கள்.

பயன்படுத்தக் கூடாதவை

• நகப்பூச்சு நீக்கி, அசிட்டோன், தின்னர்: பசையோடு சாயத்தையும் கரைத்துவிடும். இவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். மூடிய அறையில் சுவாசித்தால் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஏற்படலாம்.
• மருத்துவ ஆல்கஹால்: நீர் கலந்த சாயத்தை இளக்கிவிடும். இதுவும் தீப்பற்றும்.
• மண்ணெண்ணெய், டர்பன்டைன்: பிள்ளைகள் ஒரு வாய் விழுங்கினாலும், அது நுரையீரலுக்குள் சென்று கடும் அழற்சியை உண்டாக்கலாம்.
• கோடாலித் தைலம், யூகலிப்டஸ் தைலம்: பசையை எடுக்கப் பலர் இவற்றைத் தொட்டுத் துடைப்பதுண்டு. மருந்துதானே என்று புட்டியைத் திறந்தபடியே வைத்துவிடுவார்கள். சிறு பிள்ளைகள் சிறிதளவு குடித்தாலும் ஆபத்து.

எந்தத் திரவத்தையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். எதையும் ப்ளீச்சுடன் கலக்காதீர்கள், நச்சு வாயு உருவாகலாம்.

பழைய சாமான்களில் கூடுதல் கவனம்

தாத்தா காலத்து அலமாரி, ஊரிலிருந்து கொண்டுவந்த தொட்டில், ஊஞ்சல் பலகை போன்றவற்றின் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். ஒரு காலத்தில் பல நாடுகளில் சாயத்தில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்கா வீட்டுச் சாயங்களில் அதை 1978ல் தடை செய்தது. இந்தியாவில், சாயத்தின் பத்து லட்சம் பங்கில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. தவழும் குழந்தை தரையில் கையை வைக்கும், பிறகு அதே கையை வாயில் வைக்கும். அதனால் தரையில் படியும் தூசியே போதும், ஈயம் உடலுக்குள் சென்றுவிடும்.

எனவே பழைய சாமானில்:
• உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.
• ஈரத்துணியால் மட்டுமே துடையுங்கள். முடிந்ததும் தரையையும் ஈரத்துணியால் துடைத்துக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• சாயம் ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தால் பசையை அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் படுக்கும், கடிக்கும் சாமான்களாக அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

• விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிறுவர்களுக்கான 24 மணிநேர அவசரப் பிரிவு கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் உள்ளது. அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
• கண்ணில் பட்டால்: குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.
• தோலில் பட்டால்: நனைந்த உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.
• வாடையால் மயக்கம் வந்தால்: காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• மூச்சுத்திணறல், நினைவிழப்பு, வலிப்பு இருந்தால்: 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

அடுத்த பண்டிகைக்கு முன்

சாயம் பூசிய மரத்தில் நேரடியாக ஒட்டுவதைக் குறையுங்கள். தோரணத்தைக் கொக்கியில் நூலால் கட்டலாம். கோல ஸ்டிக்கரை ஓர் அட்டையில் ஒட்டி வாசலில் வைக்கலாம், அடுத்த ஆண்டும் அது பயன்படும். பிள்ளைகள் படம் ஒட்டி மகிழ ஒரு பலகையை ஒதுக்கிக் கொடுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்: முதலில் வெதுவெதுப்பு, அடுத்து சோப்பு நீர், அதற்கடுத்து சமையல் எண்ணெய். இவற்றுக்கும் வராத பசையை விட்டுவிடலாம். மேசையில் ஒரு கறை இருப்பதால் யாருக்கும் நோய் வராது.