கூடுதலாகத் தந்த ஓய்வூதியத்தைத் திருப்பிக் கேட்டால்...

அரசுப் பணியில் இருந்தவர் மவ்த்தானால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. முதல் சில ஆண்டுகள் உயர்ந்த வீதத்தில் வரும். பிறகு குறைய வேண்டும். கருவூலமோ வங்கியோ குறைக்கத் தவறிவிட்டால், பல ஆண்டுகள் கழித்துத் தணிக்கையில் அது தெரியவரும். "அதிகமாகப் பெற்ற தொகையை மாதந்தோறும் பிடிப்போம்" என்று கடிதம் வரும். பதறிப்போய், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

"நம் ஹக் இல்லாத பணத்துக்காக வாதாடலாமா?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. நல்ல கேள்வி. மறுமணத்தை மறைத்தோ, இறந்தவர் பெயரில் வாழ்நாள் சான்று கொடுத்தோ வாங்கியிருந்தால் அது ஹராம். திருப்பித் தருவதே கடமை. ஆனால் எதையும் மறைக்காமல், வந்ததை நம்பிக் குடும்பத்துக்குச் செலவழித்திருந்தால், கணக்குக் கேட்பதும் சட்டம் தரும் பாதுகாப்பை நாடுவதும் பாவமாகாது. கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் தரும்படி சூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் போதிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகத் தவறால் கூடுதலாகக் கொடுத்ததை மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறுவோரிடமிருந்தும் பிடிக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவந்ததையும் பிடிக்கக் கூடாது. குடும்ப ஓய்வூதிய வழக்குகளிலும் உயர்நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றியதுண்டு. ஆனால் "அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று முன்பே எழுதிக் கொடுத்த ஓர் அதிகாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. ஆகவே கையெழுத்து விஷயத்தில் கவனம் தேவை.

செய்ய வேண்டியவை:

1. சம்மதக் கடிதம் எதிலும் உடனே கையெழுத்திடாதீர்கள். கடிதம் கிடைத்த தேதியை அதிலேயே குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

2. எந்த மாதம் முதல், எவ்வளவு, எந்த விதிப்படி என்று மாதவாரிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

3. ஓய்வூதிய ஆணையையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் அக்கணக்கோடு ஒப்பிடுங்கள்.

4. கெடு முடியும் முன் ஆட்சேபணை மனுக் கொடுங்கள். "நான் எதையும் மறைக்கவில்லை, தவறு அலுவலகத்தினுடையது, என்னை விசாரிக்காமல் பிடிக்கக் கூடாது" என்று எழுதி, மேற்படி தீர்ப்பையும் குடும்ப நிலையையும் குறிப்பிடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள்.

5. அதன் பிறகும் பிடித்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.

ஒன்றை நினைவில் வையுங்கள்: பழைய தொகை தள்ளுபடியானாலும், இனி வரும் ஓய்வூதியம் சரியான அளவுக்குக் குறையும். அதை ஏற்றுக்கொள்வதுதான் அமானத்.

படிக்கத் தெரியாத தாய்மார்களிடம் இதை வாசித்துச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் காரியங்களை இலேசாக்குவானாக. ஆமீன்.