சாம்பலும் சீமெந்தாகும்

மீள்குடியேறிக் கல்வீடு கட்டும் குடும்பங்கள் எங்களிடம் கேட்பதுண்டு: "பாதர், இப்போது சீமெந்தில் சாம்பல் கலக்கிறார்களாமே. அதை நம்பித் தூண் எழுப்பலாமா?"

எழுப்பலாம். ஆனால் அதன் தன்மையை அறிந்து எழுப்ப வேண்டும்.

எந்தச் சாம்பல்?

இது அடுப்புச் சாம்பல் அன்று. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்கே நிலக்கரி எரியும்போது புகையோடு எழும் மிக நுண்ணிய தூளைப் பிடித்தெடுக்கிறார்கள். அதுவே பறக்கும் சாம்பல். காற்றில் பரவினால் அயலவரின் தோட்டத்துக்கும் நெஞ்சுக்கும் கேடு. சீமெந்து ஆலைக்குப் போனால் வீட்டுக்குப் பலம்.

எப்படிப் பலம் தருகிறது?

சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பும் உண்டாகிறது. அது தனியே பலம் தராது. சாம்பலிலுள்ள சிலிக்கா அச்சுண்ணாம்புடன் கூடிப் புதிய பசையாகி, கொங்கிறீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. உப்பு உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிப்பது குறைகிறது. மன்னார், முல்லைத்தீவுக் கரையோர வீடுகளுக்கு இது பெரும் நன்மை.

ஆனால் இந்த வேலை மெதுவாகவே நடக்கும். ஈரம் காய்ந்தால் நின்றுவிடும். முளைத்த பயிருக்குத் தண்ணீரை மறித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் எழும் மாடிக் கட்டடங்களில் கொங்கிறீட்டைச் சோதிக்கப் பொறியியலாளர் இருக்கிறார். நமது முற்றத்தில் நாமே காவல்.

கவனிக்க வேண்டியவை

1. ஆலையில் கலந்த சீமெந்தையே வாங்குங்கள். பையில் எஸ்.எல்.எஸ். 107 என்றால் சாதாரண சீமெந்து. 1247 என்றால் கலப்புச் சீமெந்து.

2. அடுப்புச் சாம்பலையோ அரிசி ஆலையின் உமிச்சாம்பலையோ செலவு மிச்சமென்று நீங்களே கலக்காதீர்கள். தூண் பலமிழக்கும்.

3. குழைப்பதற்கு எளிதென்று தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

4. ஈரச் சாக்குப் போர்த்தி 14 நாட்கள் காயவிடாமல் காத்திடுங்கள்.

5. வளைக்கும் கூரைத்தட்டுக்கும் கொடுத்த முட்டுக்களை மேசன் அவசரப்பட்டாலும் முந்தி எடுக்க விடாதீர்கள்.

பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை (மத்தேயு 7) நாம் அறிவோம். பலமுறை வீடிழந்த நமக்கு, இந்தப் பதினான்கு நாள் பொறுமையும் அத்திவாரத்தின் ஒரு பகுதியே.

குழுவில் பேசுவதற்கு

நமது கிராமத்தில் கட்டி முடித்த வீடுகளில் எத்தனைக்கு முழு நாளும் தண்ணீர் விட்டோம்? கிணறு தூரமான விதவைத் தாயின் வீட்டுக்கு யார் தண்ணீர் சுமப்பது?