முப்பாட்டன் கைதியா? சிறைப் பதிவேடு தேடும் தொழில்

ஆஸ்திரேலியாவில் முன்பெல்லாம் குடும்பத்தில் கைதி இருந்ததை வெளியே சொல்லமாட்டார்கள். இன்று பேரப்பிள்ளைகள் அதையே தேடி அலைகிறார்கள். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் அங்கே நாடு கடத்திய கைதிகள் ஏறக்குறைய 1,62,000 பேர். அவர்களின் வாரிசுகளுக்காகப் பழைய சிறைப் பதிவேடுகளைத் தேடித் தருவது குடும்ப வரலாற்று ஆய்வாளரின் வேலைகளில் ஒன்று. இதில் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தப் பெயர் இந்தக் குடும்பத்து ஆள்தான் என்று நிரூபிப்பதில்தான் திறமை இருக்கிறது.

எந்த வரிசையில் தேடுவது?

முதலில் வாடிக்கையாளரிடம் இருக்கும் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளை வாங்குங்கள். பேரனிலிருந்து தகப்பன், தகப்பனிலிருந்து பாட்டன் என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாதீர்கள். இணையத்தில் யாரோ போட்டுவைத்த வம்சாவளியை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கைதியின் பெயர் கிடைத்தபின் நான்கு இடங்கள்: வழக்கு, கப்பல், தண்டனைக் காலம், விடுதலை. லண்டன் வழக்கு என்றால் ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களின் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டன் கைதிகளுக்கு இன்னொரு வசதி உண்டு: 'டிஜிட்டல் பனாப்டிகான்' தளம் 1780 முதல் 1925 வரை ஓல்ட் பெய்லியில் தண்டனை பெற்றவர்களின் வெவ்வேறு ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுகிறது.

ஒரு பதிவைப் படிப்பது எப்படி?

தண்டனைக் காலத்தை அறிய, ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவின் நடத்தைப் பதிவேட்டில் ஒரு கைதியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே பெயர், கப்பல், தண்டனை பெற்ற இடம், நாள், 7 ஆண்டா, 14 ஆண்டா, ஆயுளா என்ற விவரம். பல பக்கங்களில் தன் குற்றத்தைப் பற்றிக் கைதியே சொன்னதும் உண்டு. கீழே பொடி எழுத்தில் தேதிவாரியாகக் குடித்தது, எதிர்த்துப் பேசியது, சொல்லாமல் போனது, அதற்குக் கிடைத்த கசையடி அல்லது தனிக்கொட்டடி. அங்க அடையாளங்களையும் குறித்துவைத்தார்கள்: உயரம், கண்ணின் நிறம், தழும்பு, கையில் குத்திய பச்சை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது அது. புகைப்படம் எடுக்காத காலத்து ஏழையின் உருவத்தை இன்றைய பேத்தி அறிய அதைவிட்டால் பெரும்பாலும் வேறு வழியில்லை. இந்தப் பதிவுகளை ஹோபார்ட்டில் உள்ள டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் பெயர்ப் பட்டியல் வழியாக இணையத்திலேயே பார்க்கலாம்.

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அதனால் பெயரோடு கப்பலையும் அது வந்த ஆண்டையும் சேர்த்தே குறியுங்கள். ஒரே கப்பல் பலமுறை வந்திருக்கும். வயது, பிறந்த ஊர், தொழில் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்களில் ஒத்துவராவிட்டால் 'உறுதி' என்று எழுதாதீர்கள்.

குற்றத்தை எப்படிச் சொல்வது?

கைக்குட்டை திருடியவரையும் கடல் கடத்திய காலம் அது. அதைச் சொல்லாமல் 'திருடர்' என்று மட்டும் எழுதினால் அநியாயம். அதற்காகக் கொடுங்குற்றத்தைப் பூசி மெழுகவும் கூடாது. அடிபட்டவரும் பறிகொடுத்தவரும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் வாரிசுகள் உண்டு. வேலையை ஏற்கும்போதே 'எது கிடைத்தாலும் சொல்லட்டுமா?' என்று கேட்டுவிடுங்கள். கூலியை முடிவுக்கு இவ்வளவு என்று பேசாமல் மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான். எங்கெல்லாம் தேடினீர்கள் என்ற பட்டியலை அறிக்கையில் கொடுங்கள்.

நமக்கென்று ஒரு களம்

சென்னை மாகாணத்துக் கைதிகளும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடத்தப்பட்டார்கள். சிங்கப்பூருக்கு இந்த வழக்கம் 1825-இல் தொடங்கியது; அங்கிருந்த கைதிகள் முகாம் 1873-இல் மூடப்பட்டது. அங்கே 1861-இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பு. அவர்களைத் தேட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய 'மூட்டூ'வை முத்து என்றும் 'ராமசாம்மி'யை ராமசாமி என்றும் தமிழ் அறிந்தவர் சட்டென்று பிடித்துவிடுவார். தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் அப்படித்தான் சிதைந்து கிடக்கும். இந்தத் தேடலுக்குத் தமிழ் ஆய்வாளர்கள் நிறையப் பேர் வரவேண்டும்.

முதல் அடி

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு டாஸ்மேனியா பல்கலைக்கழகம் குடும்ப வரலாற்றில் இணையவழிப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதற்கு முன்பே இன்று ஒன்று செய்யலாம். யாரென்றே தெரியாத ஒரு கைதியைத் தேர்ந்தெடுத்து, வழக்கு முதல் சாவு வரை தொடர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ஆவண எண் கொடுத்து நான்கு பக்க அறிக்கை எழுதுங்கள். முதல் வாடிக்கையாளர் உங்களிடம் சான்றிதழுக்கு முன் கேட்கப்போவது இந்த மாதிரி அறிக்கையைத்தான்.