குளிர் தேடும் கோசு

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள காய்கறிக் கடைகளில் முட்டைக்கோசு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. அதன் நெருங்கிய உறவான களைக்கோசை நம்மில் பலர் கண்டிருக்க மாட்டோம். அது பெரிய நெல்லிக்காய் அளவே இருக்கும். உரித்துப் பார்த்தால் இலைமேல் இலை மூடிய குட்டி முட்டைக்கோசேதான். பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய வயல்களில் நெடுங்காலம் விளைந்தமையால் ஆங்கிலேயர் அதனை 'பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ்' என்றனர். இஃது ஒரு காரணப்பெயர்.

முட்டைக்கோசுச் செடியில் உச்சியில் ஒரே தலை திரளும். களைக்கோசு அவ்வாறன்று. இடுப்பளவு உயரும் தடித்த தண்டில், ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு அரும்பி உருண்டையாகிறது. அடியில் உள்ளவை முதலில் முற்றுவதால், உழவர் கீழிருந்து மேலாகப் பறித்துச் செல்வர்.

இதனைப் பாலராமபுரத்தில் நட்டால் என்னாகும்? செடி வளரும், இலையும் விடும். மொட்டுகள் இறுகித் திரளவோ 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவிலான குளிர்ச்சி வேண்டும். இங்கு மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பத்தில் மொட்டுகள் தளர்ந்து விரிந்துவிடும். ஆதலால் தென்னாட்டில் இப்பயிர் மலையேறிற்று. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டனர். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் அம்முயற்சியில் முன்னின்றார். கேரட்டும் பீட்ரூட்டும் அவ்வழியே நம் சமையலறைக்கு வந்து சேர்ந்தன. களைக்கோசு மட்டும் இன்றும் நீலகிரியில் சிறிய அளவிலேயே விளைகிறது.

அதற்கு அதன் சுவையும் ஒரு காரணமாகலாம். களைக்கோசு கசக்கும். நாம் தாளிக்கும் கடுகும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கடுகின் காரத்துக்குக் காரணமான சினிக்ரின் என்னும் கந்தகச் சேர்மமே களைக்கோசின் கசப்புக்கும் ஒரு காரணம். நெடுநேரம் வேகவைத்தால் கந்தக நாற்றமும் எழும். பாதியாக நறுக்கி, சூடான எண்ணெயில் சிறிது நேரம் வதக்கி, தேங்காய்த் துருவல் சேர்த்தால் முட்டைக்கோசுத் தோரனுக்கு அது தோற்காது.

உறைபனி விழுந்த பின் பறித்த களைக்கோசு சற்று இனிக்கும். குளிரில் செல்களுக்குள் இருக்கும் நீர் உறையாமல் காக்கச் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதே காரணம். 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கசப்பூட்டும் சேர்மங்களைக் கண்டறிந்தனர். அதன்பின் கசப்புக் குறைந்த வகைகள் உருவாக்கப்பட்டன. ஆயினும் எல்லோர் நாவும் ஒன்றன்று. கசப்பை உணரும் திறன் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதனை மிகுதியாக உணர்வர். "கசக்கிறது" என்று தட்டை ஒதுக்கும் தம்பி பொய் சொல்லவில்லை. சுண்டைக்காய் வற்றலைப் பாட்டி சுவைத்து உண்பதும் நடிப்பன்று.

பயிற்சி

1. பாலராமபுரத்தில் களைக்கோசு இறுகித் திரளாதது ஏன்?

2. கக்கம், உறைபனி, காரணப்பெயர் ஆகிய சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக.

3. உங்கள் தாத்தா, பாட்டியின் ஊரில் விளைந்து, இங்குக் கிடைக்காத காய் எது? அதன் பெயரையும் சமைக்கும் முறையையும் வீட்டில் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.