இருட்டையும் காப்போம்

விளக்குப் போடப் படிக்கும் மின்னியல் மாணவன் இருட்டைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள்.

லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் ஹான்லே என்ற ஊர் இருக்கிறது. அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. காற்று வறண்டது, மேகம் குறைவு. 2022-இல் அந்த வட்டாரத்தை 'இருள்வான் காப்பகம்' என்று அறிவித்தார்கள். அமாவாசையை ஒட்டி அமெச்சூர் வானாய்வாளர்கள் அங்கே போய் ராத்திரி முழுக்க வானம் பார்க்கிறார்கள். பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும்.

அங்கே போகிறவர்கள் முதலில் படிக்கும் பாடம் இது. இருட்டில் பார்க்க உதவுவது கண்ணின் குச்சி செல்கள். அவை நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நடுவில் யாராவது வெள்ளை டார்ச் அடித்தால் போச்சு! மறுபடி காத்திருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அந்த செல்களை அவ்வளவாகப் பாதிக்காது. ஆகவே டார்ச் முகப்பில் சிவப்புத் தாள் கட்டிக்கொள்வார்கள். ஊர் விளக்குகளுக்கும் மேல்மூடி உண்டு.

எங்க பாட்டி பள்ளிக்கூடமே போனதில்லை. வாசலில் கட்டில் போட்டு, கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டி, "ஆறு எண்ணுடா" என்பார். இப்போது தெருவில் மூடியில்லாத எல்.இ.டி. விளக்கு, ஒன்றும் தெரிவதில்லை.

மேலே போகும் வெளிச்சம் வீணாகும் யூனிட். நாளை கம்பத்தில் விளக்கு மாட்டப் போவது நாம்தான். மூடி போட்டு மாட்டுவோம் நண்பர்களே! தெருவுக்கு வெளிச்சமும் வேண்டும், பாட்டிக்கு அந்த ஆறும் வேண்டும்.