படகு மோட்டாருக்கு எந்த பேட்டரி? கடன் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு



இந்த மாதப் பாடம், ஏரியிலும் அணை நீர்த்தேக்கத்திலும் உப்பங்கழியிலும் சின்னப் படகு வைத்துப் பிழைக்கும் நம் சகோதரிகளுக்காக. படகு இல்லாதவர்களும் படியுங்கள். இன்வெர்ட்டர், சோலார் விளக்கு, பேட்டரி ஆட்டோ என்று எதை வாங்கினாலும் இதே கணக்குதான்.

சின்னப் படகின் பின்பக்கம் மாட்டுகிற மின் மோட்டாரைக் கடையில் ‘ட்ரோலிங் மோட்டார்’ என்பார்கள். இதற்குப் பெட்ரோல் வேண்டாம், சத்தமும் இல்லை. அமைதியான தண்ணீரில் மெதுவாகப் போய் வலை போட, வலை எடுக்க இது உதவும். அலை தாண்டிக் கடலுக்குப் போக இது ஆகாது.

மோட்டார் பல வருஷம் உழைக்கும். முதலில் சாவது பேட்டரிதான். தப்பான பேட்டரி வாங்கினால் ஒரு வருஷத்துக்குள் அது போய்விடும், ஆனால் கடன் தவணை போகாது. அதனால் கடைக்குப் போகும் முன் குழுவில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

முதல் பாடம்: மூன்று வார்த்தைகள்

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் வோல்ட். குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வருகிறதோ அது ஆம்பியர். தொட்டி மொத்தம் எவ்வளவு பிடிக்குமோ அது ஆம்பியர்-மணி. கடையில் இதை ‘ஏ.ஹெச்.’ என்பார்கள்.

50 ஆம்பியர் இழுக்கிற மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 50 ஏ.ஹெச். செலவு. அரை மணி ஓடினால் 25 ஏ.ஹெச். அவ்வளவுதான் கணக்கு.

மோட்டாரின் தள்ளு சக்தியைப் பவுண்டில் சொல்வார்கள். 12 வோல்ட் மோட்டாரில், முழு வேகத்தில், ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வேகத்தைக் குறைத்தால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். சரியான அளவு மோட்டாரோடு வரும் புத்தகத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் பாடம்: ஒரு நாள் வேலை எவ்வளவு?

ஒரு உதாரணம் பார்ப்போம். 55 பவுண்டு மோட்டார். போக வர முழு வேகத்தில் மொத்தம் அரை மணி. வலை போட, எடுக்க மெதுவாக ஒன்றரை மணி. அப்போது 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம்.

போக வர: 25 ஏ.ஹெச்.
வலை வேலை: 30 ஏ.ஹெச்.
கூட்டினால்: 55 ஏ.ஹெச்.

திடீரென்று எதிர்காற்று அடித்தால்? அதற்காகக் கால் பங்கு கூட்டுங்கள். ஏறக்குறைய 70 ஏ.ஹெச். ஆகிறது. இதுதான் அந்தப் படகின் ஒரு நாள் தேவை. உங்க படகுக்கு எத்தனை? நோட்டில் எழுதிக்கங்க. இந்த எண் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார்.

மூன்றாம் பாடம்: கடையில் இருக்கும் பேட்டரிகள்

கார், டிராக்டர் பேட்டரி: இது வண்டியைக் கிளப்புவதற்கு. சில நொடி பலமாக மின்சாரம் கொடுத்துவிட்டு உடனே திரும்ப ஏறிக்கொள்ளும். உள்ளே தகடுகள் மெல்லிசு. மணிக்கணக்கில் ஓட்டித் தீர்த்தால் சீக்கிரம் செத்துவிடும். விலை குறைவு என்று இதை வாங்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி: நிறைய நேரம் மெதுவாகக் கொடுக்கும், உழைக்கும். ஆனால் உள்ளே ஆசிட் தண்ணீராக இருக்கிறது. படகு சாய்ந்தால் சிந்தும். கழி நீர் உள்ளே போனால் உப்பும் ஆசிட்டும் சேர்ந்து குளோரின் என்ற நச்சு வாயு வரும். 150 ஏ.ஹெச். பேட்டரி 50 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். படகில் ஒரு ஆள் கூடுதலாக உட்கார்ந்த மாதிரி.

பேட்டரி ஆட்டோவுக்கு வரும் பேட்டரி: இதுவும் ஓட்டித் தீர்ப்பதற்கென்றே செய்தது. பல வகையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதனால் சிந்தும் தொல்லை இதிலும் உண்டு.

மூடிய ஈய பேட்டரி: கடையில் ‘ஏ.ஜி.எம்.’, ‘ஜெல்’ என்பார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாய்ந்தாலும் சிந்தாது. ஈய வகையில் படகுக்கு இதுதான் நல்லது. ‘டீப் சைக்கிள்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லித்தியம் பேட்டரி: ‘லித்தியம் அயர்ன் பாஸ்பேட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். 100 ஏ.ஹெச். பேட்டரி ஏறக்குறைய 12 கிலோதான். ஒரு பெண்ணே கரைக்குத் தூக்கி வரலாம். ஆயுள் அதிகம், விலையும் அதிகம். இதற்கென்று உள்ள சார்ஜர்தான் போட வேண்டும்.

நான்காம் பாடம்: எழுதியிருப்பது அத்தனையும் கிடைக்காது

ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் தேவையைப் போல இரண்டு மடங்கு வாங்க வேண்டும். 70 தேவை என்றால் 140. கடையில் 150 கிடைக்கும்.

இன்னொன்று. பேட்டரியில் எழுதியிருக்கும் 150 என்பது, பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. மோட்டாரை முழு வேகத்தில் வைத்தால் ஈய பேட்டரி அதைவிடக் குறைவாகவே தரும். அவசரம் இல்லாதபோது மெதுவாகப் போனால் தூரமும் கூடும், பேட்டரியும் பிழைக்கும்.

லித்தியத்தில் 100-க்கு 80 வரை எடுக்கலாம். 70 தேவைக்கு 100 ஏ.ஹெச். போதும். ஆனால் அதற்குள் ஒரு காவல் கருவி இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தாலும், அளவுக்கு மேல் இழுத்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும். ஆகவே ‘தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும்?’ என்று கேளுங்கள். மோட்டார் இழுப்பதைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். எந்த பேட்டரி என்றாலும் துடுப்பும் உயிர்காப்பு உடையும் இல்லாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஐந்தாம் பாடம்: எது மலிவு?

கீழே இருக்கும் விலைகள் கணக்குப் பழகுவதற்கு மட்டும். உங்க ஊர்க் கடையில் விலை கேட்டு அதைப் போட்டுப் பாருங்க. சார்ஜர் இரண்டுக்கும் தனி.

ஈய பேட்டரி 12,000 ரூபாய். குழுக் கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 10 தவணை. நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் வட்டி 660 ரூபாய். மொத்தம் 12,660. இது 300 தடவை உழைக்கும், அல்லது 4 வருஷம். எது முதலில் வருகிறதோ அது.

லித்தியம் 40,000 ரூபாய். அதே வட்டி, 20 தவணை. வட்டி 4,200. மொத்தம் 44,200. இதை 8 வருஷத்துக்குக் கணக்கில் வைப்போம்.

வருஷத்துக்கு 200 நாள் படகு ஓடுகிற குடும்பத்துக்கு: ஈயம் 300 தடவையில் முடியும், ஒரு நாளைக்கு 42 ரூபாய். லித்தியம் 1,600 தடவை வரும், ஒரு நாளைக்கு 28 ரூபாய். லித்தியமே மலிவு.

தண்ணீர் வற்றி வருஷத்துக்கு 60 நாள்தான் ஓடுகிறது என்றால்: ஈயம் 4 வருஷத்தில் 240 தடவை, ஒரு நாளைக்கு 53 ரூபாய். லித்தியம் 8 வருஷத்தில் 480 தடவை, ஒரு நாளைக்கு 92 ரூபாய். இங்கே ஈயமே மலிவு.

பாருங்க, அதே இரண்டு பேட்டரிதான். ஒரு வீட்டுக்கு மலிவானது அடுத்த வீட்டுக்கு நஷ்டம். பக்கத்து வீட்டு அக்கா வாங்கினார் என்று நாமும் வாங்கக் கூடாது. வருஷத்தில் எத்தனை நாள் படகு ஓடும் என்று முதலில் எண்ணுங்கள்.

ஆறாம் பாடம்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

- 12 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட்தான். இரண்டு பேட்டரியை வரிசையாக இணைத்தால் 24 வோல்ட் ஆகி மோட்டார் எரியும்.
- தயாரித்த மாதம் பாருங்கள். ரசீதும், கடை முத்திரை போட்ட உத்தரவாத அட்டையும் வாங்குங்கள். படகில் போட்டால் உத்தரவாதம் உண்டா என்று முன்பே கேளுங்கள்.
- பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் அல்லது பிரேக்கர் கட்டாயம். மோட்டார் புத்தகம் சொல்லும் அளவில் தடித்த தாமிர ஒயர் போடுங்கள். மெல்லிய ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும்.
- பேட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, நகராமல் கட்டுங்கள். முனைகளில் வாசலின் தடவினால் உப்புக்காற்றில் பூக்காது.
- ஈய பேட்டரியை அன்றன்றைக்கே சார்ஜ் போடுங்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இறங்கிய நிலையில் விட்டால் கெடும். 100 ஏ.ஹெச். முழுவதும் ஏற ஏறக்குறைய ஒன்றரை யூனிட் கரண்ட் ஆகும்.
- சார்ஜ் ஏறும்போது ஈய பேட்டரியில் தீப்பற்றும் வாயு வரும். அடுப்பு, விளக்கு, பீடி பக்கத்தில் கூடாது. படுக்கும் அறையிலும் வேண்டாம்.
- தண்ணீர் ஊற்றும் வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீர் கூடாது.
- சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2-க்குக் கீழே போனால் பாதிக்கு வந்துவிட்டது.
- பழைய ஈய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதின் விலையில் கழிப்பார்கள். பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் படகு வைத்திருப்பவர் யார்? வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது?
2. அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஏ.ஹெச். தேவை? எல்லோரும் சேர்ந்து போடுங்கள்.
3. மூன்று கடையில் விலை கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் என்று கண்டுபிடியுங்கள்.
4. மாதத் தவணை எவ்வளவு? மீன் இல்லாத மாதத்தில் அதைக் கட்ட என்ன வழி?

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கடன் தீர்மானம் எழுதுங்கள். கணக்குப் போட்டு வாங்கிய பேட்டரி படகையும் நடத்தும், தவணையையும் கட்டும்.