நுரைக்கூடு கட்டும் தந்தை

சண்டை மீன் என்றதும் அதன் வண்ணத் துடுப்புகளும் முரட்டுக் குணமுமே பலருக்கு நினைவுக்கு வரும். மலாய்மொழியில் ‘ஈக்கான் லாகா’ எனப்படும் இம்மீனின் தாயகம் தாய்லாந்து. 2019ஆம் ஆண்டில் அந்நாடு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இத்தனை சண்டைக்காரனா பொறுப்புள்ள தந்தை என்று வியக்கத் தோன்றும். ஆனால், உண்மை அதுதான்.

இனப்பெருக்கத்துக்குப் பெரிய தொட்டி வேண்டியதில்லை. நீரின் ஆழம் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை இருந்தால் போதும். நீரோட்டம் கூடைச் சிதைத்துவிடும் என்பதால் வடிகட்டியை நிறுத்திவிடுவர். காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றை நீரில் மிதக்க விடுவதும் வழக்கம். ஆண் மீன் மேலே வந்து காற்றை விழுங்கி, வாயில் ஊறும் பசைநீர் கலந்து குமிழிகளாக உமிழும். அக்குமிழிகள் இலையின் அடியில் ஒட்டிச் சேர்ந்து நுரைக்கூடாகும்.

கூட்டின் கீழ் ஆண் மீன் பெண் மீனை வளைத்து அணைக்கும்போது முட்டைகள் வெளிவந்து கீழே விழும். ஆண் மீன் அவற்றை வாயால் கவ்விக் கூட்டில் வைக்கும். நீர் ஆழமாக இருந்தால் இந்த வேலை அதற்குப் பெரும் சுமையாகிவிடும். முட்டையிட்டு முடிந்ததும் பெண் மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லையேல், கூட்டைக் காக்கும் ஆண் மீன் அதனைக் கடித்துக் குதறிவிடும்.

ஏறக்குறைய இரண்டு நாள்களுக்குள் குஞ்சுகள் பொரிந்து, வால் கீழ்நோக்கியபடி கூட்டில் தொங்கும். விழும் குஞ்சைத் தந்தை மீண்டும் மேலே கொண்டு சேர்க்கும். மேலும் சில நாள்களில் அவை கிடையாக நீந்தத் தொடங்கும். அப்போது தந்தையையும் அகற்றிவிட வேண்டும். நேற்றுவரை காத்த குஞ்சுகளையே அது உண்ணக்கூடும்.

கருவுணவு தீர்ந்ததும் குஞ்சுகளுக்கு நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே இரை; சற்று வளர்ந்தபின் புதிதாகப் பொரிந்த உப்புநீர் இறால் குஞ்சுகளைத் தரலாம். சில வாரங்களில் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு வளரும். அக்காலத்தில் தொட்டியை மூடி, நீரின் மேலுள்ள காற்றை வெதுவெதுப்பாக வைத்திருப்பர்.

ஒரே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைக்கக்கூடும். சில மாதங்களில் ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். பிறகு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடிக் குவளை வேண்டும். ஐம்பது குவளைகளின் நீரை யார் மாற்றுவது? சிலர் சலிப்படைந்து மீன்களை அருகிலுள்ள கால்வாயில் விட்டுவிடுகின்றனர். மலேசியாவின் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் சண்டை மீனின் உறவினமான காட்டு மீன்கள் வாழ்கின்றன. வளர்ப்பு மீன்கள் அவற்றோடு கலந்தால் காட்டினத்தின் தூய்மை கெடும். அதனால், அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் குஞ்சுகளை வாங்கிக்கொள்ளும் நண்பர்களிடமும் கடைக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வைத்த பிறகே இரு மீன்களையும் ஒரே தொட்டியில் விடுகின்றனர்.